டென்னிஸ் கிளப்புக்கு வரலாறு எழுத ஒப்புக்கொள்வதற்கு முன்

பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ரிட்டயர் ஆயாச்சு, உங்களுக்குத்தான் நேரம் இருக்கு, நீங்களே எழுதிருங்க சார்" என்று சொல்லி, மற்றவர்கள் கைதட்டி, கையோடு டீயும் ரசவடையும் வந்துவிட்டால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள் என்று அர்த்தம். 2017 தொடக்கத்தில் எனக்கு அப்படித்தான் நடந்தது. அடுத்த ஆண்டு எங்கள் கல்லூரி டென்னிஸ் கிளப்புக்கு எழுபத்தைந்தாம் ஆண்டுப் பவள விழா, அதற்கு நூறு பக்கத்துக்குள் ஒரு வரலாறு வேண்டும் என்றார்கள். நான் வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். எழுபதுகளின் கடைசியில் அந்தக் கல்லூரியில் பி.காம். படித்தபோது இரண்டாவது டபிள்ஸ் ஆடியிருக்கிறேன், அவ்வளவுதான் தகுதி. புத்தகம் வந்தது. ஆனால் என் கையை விட்டுப் போன பணம் நாற்பதாயிரத்துக்குக் குறையாது. போன நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் என் மனைவிதான் பதில் சொல்ல வேண்டும். "அந்தக் கிளப்பு உங்களுக்கு என்ன, சீதனமா எழுதித் தந்திருக்கா?" என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனையோ கல்லூரிகள், எத்தனையோ கிளப்புகள். வேறு யாராவது இதே வேலையில் இறங்கினால் உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பணம். செலவை யார் தருவது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் சங்கம் பாத்துக்கிடும்" என்று தலைவரும் செயலாளரும் சொன்னார்கள். ஐம்பதாயிரம் வரை ஒதுக்கலாம் என்று பேச்சும் நடந்தது. பேச்சு நடந்ததே தவிர தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியும் ஏறவில்லை. ஆண்டின் நடுவில் நிர்வாகிகள் மாறினார்கள். புதிதாக வந்தவர்கள் நல்ல மனிதர்கள்தான், ஆனால் அவர்கள் கையில் எந்தக் காகிதமும் இல்லை. ஆகவே வேலையைத் தொடுவதற்கு முன் மூன்று விஷயத்தைத் தீர்மானமாகவே எழுதி வாங்குங்கள்: எவ்வளவு தொகை, எப்போது எப்போது தருவார்கள், அச்சுக்குப் போகும் முன் யார் படித்து ஒப்புதல் தருவார்கள். மூன்றாவதை லேசாக நினைக்க வேண்டாம். எனக்குப் பணத்தைவிட அதிகத் தலைவலி கொடுத்தது அதுதான்.

கிளப்பின் கதை கொஞ்சம் சிக்கலானது. மாவட்டத்தில் அறுபதுகளில் அடுத்தடுத்து வந்த கல்லூரிகளில் எங்களுடையதும் ஒன்று. ஆனால் டென்னிஸ் கோர்ட் அதற்கு முன்பே இருந்தது. திருவிதாங்கூர் காலத்தில் ஊரில் இருந்த அதிகாரிகளும் வக்கீல்களும் சேர்ந்து ஆடிய மண் கோர்ட் அது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகு, திருவனந்தபுரத்திலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரிகள் நின்றுபோனார்கள். ஆட ஆளில்லாமல் கோர்ட்டில் புல் முளைத்தது. பிறகு கல்லூரி வந்து அதை எடுத்துக்கொண்டது. அப்படியானால் வயதை எங்கிருந்து எண்ணுவது? பவள விழா என்று சங்கம் முடிவு செய்ததற்கு ஒரே ஆதாரம், முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரியில் இருந்த ஒரு கோப்பை.

அந்தக் கோப்பையை வருடக்கணக்காகப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். வெள்ளிப் பூச்சு போய் அடியில் பித்தளை தெரிந்தது, எழுத்தும் பாதி மழுங்கிவிட்டது. நான்கு இலக்கத்தில் 111 வரை தெளிவு, கடைசி எண் 3 என்று ஒருவர், 8 என்று இன்னொருவர். அறையின் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கோப்பையின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். பள்ளங்களில் நிழல் விழுந்ததும் 8 என்று தெரிந்தது. மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால் எழுத்து தாளில் இறங்கிவிடும், அதையும் செய்து வைத்துக்கொண்டேன். உங்கள் கல்லூரியில் பழைய கோப்பை இருந்தால் முதலில் அதைத் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், 1118 என்றதும் ஒரு இளைஞர் "சோழர் காலமா சார்?" என்று சிரித்தார். அது கொல்லம் ஆண்டு, திருவிதாங்கூரில் புழங்கிய ஆண்டுக் கணக்கு. ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை உள்ள தேதி என்றால் 824-ஐயும், ஜனவரி முதல் ஆடிக் கடைசி வரை என்றால் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பெரியவர்கள் சொல்லும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்: அது 1099-இல், அதாவது 1924 ஜூலையில் வந்தது. ஆக 1118 என்பது 1942-43. சங்கத்தின் கணக்கு இதுதான்.

ஆனால் கோப்பை எப்போது வாங்கினார்கள் என்பது வேறு, கிளப் எப்போது தொடங்கியது என்பது வேறு. பழைய கிளப்பின் செயலாளராக இருந்த வக்கீலின் பேரன் குழித்துறையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். தட்டுமுட்டுச் சாமான் அறையிலிருந்து நாடா போட்டுக் கட்டிய ஒரு காகிதக் கட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் சென்னைக் கடை ஒன்றிலிருந்து வலை வாங்கிய ரசீது, தேதி 1939 ஜூன், விலை 24 ரூபாய். கூடவே கணக்குத் தாள், அதில் 1114 ஆனி என்று போட்டு, அதே வலைக்கு 24 - 12 - 0 என்று எழுதியிருந்தது. ரசீதில் 24, கணக்கில் 24 ரூபாய் 12 அணாவா? செயலாளர் முக்கால் ரூபாய் கூட்டி எழுதினாரா, தபால் செலவா? வங்கிக்காரனுக்கு இது தூக்கம் கெடுக்கிற விஷயம். கோட்டாறில் பரம்பரையாக மொத்த வியாபாரம் செய்த குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் தாளின் நகலைக் காட்டினேன். கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. "அணா இல்ல பிள்ளே, சக்கரமாக்கும். நம்ம சர்க்கார் ரூவாக்கு இருபத்தெட்டு சக்கரம், வெள்ளக்காரன் ரூவாக்கு இருபத்தெட்டரை. பெருக்கிப் பாரு." பெருக்கினேன். 24 பிரிட்டிஷ் ரூபாய்க்கு 684 திருவிதாங்கூர்ச் சக்கரம், அதை 28-ஆல் வகுத்தால் 24 திருவிதாங்கூர் ரூபாயும் 12 சக்கரமும். மூன்றாவது கட்டம் காசு, பதினாறு காசு ஒரு சக்கரம். செத்துப்போன வக்கீல் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அந்தச் சந்தோஷம் கூட்டம் வரைதான் நிலைத்தது. 1939-லேயே வலை வாங்கியிருக்கிறார்கள், ஆகவே 1942 என்பது தொடக்க ஆண்டு இல்லை என்று சொன்னேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள். கல்லூரி நிர்வாகமோ, கல்லூரி பிறப்பதற்கு முன்பு கல்லூரிக் கிளப் எப்படி இருக்க முடியும், கல்லூரி தொடங்கிய ஆண்டைத்தான் போட வேண்டும் என்றது. இரண்டு தரப்பும் என்னை முறைத்தன. கடைசியில் நான் கோர்ட்டின் வயது, கோப்பையின் வயது, கல்லூரி அணியின் வயது என்று மூன்றையும் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தைச் சொல்லி எழுதினேன். அட்டையில் ஆண்டே போடவில்லை. இதுபோல் ஒரு விழாவுக்காக எழுதுகிறீர்கள் என்றால், அழைப்பிதழ் அடிக்கும் முன் ஆதாரத்தைப் பார்த்துவிடுவோம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அழைப்பிதழில் ஏறிய ஆண்டு பிறகு இறங்காது.

அடுத்தது ஆட்ட முடிவுகள். நம் மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் விளையாட்டுப் பதிவுகளைத் தேடுகிறவர், எந்த ஆண்டில் எந்தப் பல்கலைக்கழகம் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். 1956-க்கு முன்பே இருந்த கல்லூரி என்றால் திருவனந்தபுரத்தில் தேட வேண்டும். 1937-இல் தொடங்கிய திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1957-இல் கேரளப் பல்கலைக்கழகம் ஆனது. அதற்கும் முந்தியது என்றால் சென்னை. மாநிலம் மாறியபின் மறுபடி சென்னைப் பல்கலைக்கழகம், 1966 முதல் மதுரை. அது 1978-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. 1990 முதல் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார். ஒரே கல்லூரியின் அணி நாலு ஊரில் சிதறிக் கிடக்கிறது. இந்த அலுவலகங்களில் ஒன்றில் (பெயர் வேண்டாம்) "நீங்க அப்ப எங்ககிட்ட இல்லியே" என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு இடத்தில் காலையிலிருந்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, சாயங்காலம் பொறுப்பாளர் விடுப்பு என்றார்கள். எரிச்சலில் ஊர் திரும்பியதும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போட்டேன். ஆவணம் இல்லை என்றுதான் பதில் வந்தது, ஆனால் அந்தப் பதிலும் ஒரு காகிதம். தேடினேன் என்பதற்குக் கையில் ஆதாரம் இருக்கிறதே. முதலில் மனுவைப் போட்டுவிட்டுப் பிறகு பயணம் போங்கள், பஸ் காசாவது மிஞ்சும்.

உள்ளூரிலேயே கிடைப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கல்லூரி ஆண்டு மலர்களில் விளையாட்டுப் பக்கம் என்று ஒன்று இருக்கும், அதில் அணிப் பட்டியலும் முடிவுகளும் ஒரு பத்தியில் அடங்கியிருக்கும். உடற்கல்வித் துறையின் ஸ்டாக் ரிஜிஸ்டர் அதைவிட நல்லது. எங்கள் முதல் பி.டி. சார் சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர், 1920-இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய கல்லூரி. பந்து ஒரு டஜன் வந்தால் வந்த நாள், கிழிந்து தள்ளிய நாள் எல்லாம் அவர் ரிஜிஸ்டரில் இருந்தது. மரராக்கெட்டுகள் எந்த ஆண்டு ஏலத்தில் போயின என்பது அதிலிருந்துதான் கிடைத்தது. ஐம்பதுகளின் நாளிதழ்ச் செய்தி தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தினமலர் 1951-இல் தொடங்கியது திருவனந்தபுரத்தில், திருநெல்வேலிக்கு வந்தது 1957-இல். பழைய நம்மூர்ச் செய்திகளுக்கு நெல்லையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. நிலம், கட்டடம் சம்பந்தப்பட்ட அந்தக் காலத் தாள்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும், படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பழைய ஆட்டக்காரர்களிடம் பேசியதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மிகவும் சிரமப்பட்டதும் அங்கேதான். எழுபது எண்பது வயதுக்காரர்கள். வாசலில் கால் வைத்ததுமே காபி, ஏத்தங்காய் உப்பேரி, பிறகு இரண்டு மணி நேரம் கதை. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் ஞாபகம் தன் இஷ்டத்துக்குத் தைத்துக்கொள்கிறது. ஒருவர் 1968-இல் ஓர் அரையிறுதியை 7-6 என்று ஜெயித்ததாகச் சொன்னார். சமநிலையில் நிற்கும் செட்டை ஒரே கேமில் முடித்துவிடும் டைபிரேக் அப்போது கிடையாது. அமெரிக்க ஓப்பனில் அது நுழைந்ததே 1970-இல், விம்பிள்டனில் அடுத்த ஆண்டு. அதற்கு முன் இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடித் தீர்க்க வேண்டும், 11-9, 14-12 என்றெல்லாம் போகும். நான் எதிர்த்துப் பேசவில்லை. "அண்ணாச்சி, அந்த நாள் பேப்பர் ஏதாவது இருக்குமா?" என்று மட்டும் கேட்டேன். பிறகு அவர் தம்பி மகன் வீட்டு ஆல்பத்தில் நறுக்கு கிடைத்தது, 9-7. அவரே படித்துவிட்டு, "அப்பம் நான் இன்னும் நல்லால்லா ஆடியிருக்கேன்" என்றார். இன்னொருவர் 1972-இல் நாகர்கோவிலில் ரயிலேறி மதுரைக்குப் போட்டிக்குப் போன கதையைச் சுவையாகச் சொன்னார். நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல். திருநெல்வேலி வரை பஸ், அங்கிருந்து ரயில் என்பதுதான் சரி. புகைப்படத்தில் பந்து மஞ்சளாகத் தெரிந்தால் அது 1972-க்கு முந்திய படமாக இருக்க வாய்ப்பில்லை, மஞ்சள் பந்துக்கு விதிகளில் இடம் வந்தது அந்த ஆண்டில்தான். இப்படி ஆட்டத்தின் சொந்த வரலாற்றைக் கொஞ்சம் படித்து வைத்துக்கொண்டால், யாரையும் புண்படுத்தாமல் தேதிகளைச் சரிசெய்துவிடலாம்.

ராமநாதன் கிருஷ்ணன் விஷயம் தனி. அவர் 1937-இல் நாகர்கோவிலில் பிறந்தவர். 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி, 1966-இல் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிவரை கொண்டுபோன அணியில் முக்கியமானவர். நம் ஊரில் பிறந்தவர் என்றால் நம் கோர்ட்டிலும் ஆடியிருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. "ஒரு தடவை வந்து காட்சி ஆட்டம் ஆடினார், எங்க அப்பா பாத்திருக்காவ" என்று பலர் சொன்னார்கள். யாரிடமும் ஒரு படமோ தாளோ இல்லை. அவர் பயிற்சி பெற்றது தகப்பனார் டி.கே. ராமநாதனிடம், வளர்ந்தது வெளியூரில். ஆகவே அந்த ஆட்டத்தை நான் புத்தகத்தில் சேர்க்கவில்லை. இதற்காக மூன்று பேர் விழாவுக்கு வந்தும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் பெரிய மனிதர் ஒருவர் பெயரை ஆதாரமில்லாமல் இழுத்தால், ஆதாரத்தோடு எழுதிய மற்றப் பக்கங்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

எனக்குக் கிடைத்ததில் பெரிய புதையல் மார்க்கரின் நோட்டுகள். கோர்ட்டைப் பராமரித்து, ஆள் குறைந்தால் எதிரே நின்று ஆடியும் கொடுப்பவர் மார்க்கர். எங்கள் மார்க்கர் அதிகாரிகள் காலத்தில் சிறுவனாகப் பந்து பொறுக்க வந்து, கல்லூரிக் காலத்தில் வயதாகி ஓய்வு பெற்றவர். தக்கலைப் பக்கம் மகள் வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் நோட்டுகள் இருந்தன. "அப்பா கணக்கு எழுதாம ராத்திரி சோறு தொட மாட்டாவ" என்றார் அந்த அம்மா. நீளவாட்டில் மடக்கிய நோட்டு, ஊதாப் பென்சில். "சாணி 3 கடவம். சுண்ணாம்பு 2 படி. உருளை இழுக்க ஆள் 2. பந்து புதுசு 3, பழசு 8." மண் கோர்ட்டைச் சாணி கரைத்து மெழுகி, காயவைத்து, உருளை ஓட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டு ஆடிய காலம். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பக்கம் பக்கமாக "மழை, ஆட்டம் இல்லை". இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டத்தில் மண் கோர்ட் வருடத்தில் எத்தனை மாதம் ஆட்டத்துக்குக் கிடைத்தது என்பதை வேறு எந்த மலரும் எனக்குச் சொல்லவில்லை. நம் அணிகள் மதுரையில் ஏன் முதல் சுற்றிலேயே தோற்றுக்கொண்டிருந்தன என்பதற்கும் அதில் பாதிப் பதில் இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கங்களில் தீபாவளி இனாம் தராதவர்களின் பட்டியல் வேறு. அதில் ஒரு பெயர் விழாக் குழுவில் இருந்த ஒருவரின் தகப்பனார். அதை நான் அச்சில் கொண்டுவரவில்லை, ஆனால் கூட்டத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தும்போதெல்லாம் மனதுக்குள் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொள்வேன்.

அதே நோட்டில் 1971-இலிருந்து "4 முதல் 5 வரை பெண்பிள்ளைகள்" என்று வருகிறது. எந்த ஆண்டு மலரிலும் பெண்கள் ஆடியதாக ஒரு வரி கிடையாது, சங்கத்தில் யாருக்கும் ஞாபகமும் இல்லை. நோட்டிலிருந்த பெயர்களைப் பிடித்துக்கொண்டு விசாரித்ததில் ஒருவர் திருவனந்தபுரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியையாக இருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "எங்கள இதுவரை ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு ஆடியது, வேடிக்கை பார்க்க மதிலில் ஏறுகிற பையன்களை மார்க்கர் விரட்டியது, ஐந்து அடித்ததும் ராக்கெட்டை மரச்சட்டத்தில் மாட்டித் திருகு போட்டு வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடியது எல்லாம் சொன்னார். புத்தகத்தில் ஆறு பக்கம் அவர்களுக்குப் போனது. கோப்பையில் பெயர் உள்ளவர்களோடு நிறுத்தாமல், கோர்ட்டில் வேலை பார்த்தவர் வீட்டுக் கதவையும் தட்டிப் பாருங்கள்.

வேலை முக்கால் வாசி முடிந்த நிலையில் 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் கடற்கரையில் எத்தனையோ இருக்க, எங்கள் கிளப் அறையைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும். மரம் விழுந்து ஓடு உடைந்து, ஸ்கேன் செய்யாமல் மீதியிருந்த படங்களும் பழைய ரிஜிஸ்டர்களும் நனைந்துவிட்டன. பல நாள் கரண்ட் இல்லை, ஃபேனும் ஓடவில்லை. காகிதம் நனைந்தால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். வெயிலில் காயப்போட்டால் சுருண்டுவிடும். வெள்ளைத் துணியும் அச்சில்லாத தாளும் பக்கங்களுக்கு இடையில் வைத்து, அடிக்கடி மாற்றி, காற்றோட்டமான நிழலில் விரித்தோம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட புகைப்படங்களைப் பிரித்து இழுக்காமல், சுத்தமான குளிர்ந்த நீரில் கொஞ்ச நேரம் போட்டால் தானாகக் கழன்று வரும், பிறகு படப்பக்கம் மேலே இருக்கும்படி உலர்த்த வேண்டும். இப்படியும் ஒரு பங்கு போய்விட்டது. காகிதக் கட்டை இரவல் தரச் சம்மதிக்காத வக்கீல் பேரன் வீட்டுத் தாள்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. அவருடைய பிடிவாதத்தை நான் அப்போது திட்டியிருக்கிறேன். மூலத்தை அவரவர் வீட்டிலேயே இருக்கவிட்டு, நீங்கள் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு போவதுதான் நல்லது.

புயலுக்குப் பிறகு சங்கத்துப் பணம் நிவாரணத்துக்கும் கூரைக்கும் போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. என் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். முன்பணம் கொடுத்திருந்த டி.டி.பி. கடைக்காரர் மொத்தப் புத்தகத்தையும் ஏதோ பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். அவர் கடையை மூடிவிட்டுப் போனபின் அந்த ஃபைலை வேறு அச்சகத்தில் திறந்தால் ஒரு வரி படிக்க முடியவில்லை. மாற்றிப் பார்த்தார்கள், கொம்பும் காலும் இடம் மாறி, எண்களெல்லாம் குழம்பி வந்தன. மறுபடி முதலிலிருந்து அடிக்கக் கொடுத்தேன், இரண்டாம் முறையும் பணம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்திருந்ததால் பழைய மதிப்பீட்டையும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் நாளே யூனிகோடில்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள், வாரா வாரம் ஃபைலை உங்கள் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டில் வரி உட்பட என்று எழுதச் சொல்லுங்கள். படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள்.

படக்குறிப்பு பற்றி ஒன்று. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக நகலெடுத்து, தலைக்கு மேல் எண் போட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு பேரிடம் தனித்தனியாகப் பெயர் எழுதச் சொல்லுங்கள். ஒத்துப்போன பெயரை மட்டும் போட்டு, மற்ற இடத்தில் "அடையாளம் தெரியவில்லை" என்று விட்டுவிடலாம். என் புத்தகத்தில் ஒரே ஒரு புகார்தான் வந்தது, அதுவும் பெயரைப் பற்றி அல்ல, அப்பாவின் தலைமுடியை அச்சகம் வெட்டிவிட்டது என்று.

விழா 2018-இல் தள்ளிப்போய் நடந்தது. முந்நூறு பிரதி, விலை நூறு ரூபாய். விற்ற பணத்தில் ஒரு பகுதி எனக்கு வந்தது, மீதி வரவில்லை, இனி வராது. அதிகாரிகள் கிளப் கையிலிருந்து கல்லூரி கைக்குக் கோர்ட் எப்படிப் போனது என்பதற்கு மட்டும் புத்தகத்தில் ஆதாரம் இல்லை, அந்த இடத்தை அப்படியே சொல்லி விட்டிருக்கிறேன். கணினியில் ஏறாத ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று வேண்டும் என்று பத்திரப் பதிவு அலுவலகத்தில் தனியாக மனு போட்டு, இப்போது காத்திருக்கிறேன். கிடைத்தால் ஒரு தாளில் அச்சிட்டு, புத்தகம் வாங்கியவர்களுக்கு அனுப்புவதாக உத்தேசம். அதற்கான அச்சுக் கூலியையும் தபால் செலவையும் முன்கூட்டியே தர வேண்டும் என்று சங்கத்துக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன்.